முக்கோணத்துக்குள் ஒரு கட்டுரை

விடைத்தாள் திருத்துவோருக்கு இலங்கைப் பரீட்சைத் திணைக்களம் கொடுக்கும் அறிவுறுத்தல் மிகத் துப்புரவானது. சிவப்புக் குமிழ்முனைப் பேனையால் திருத்த வேண்டும். பிரதம பரீட்சகரும் மேலதிகப் பிரதம பரீட்சகரும் மட்டும் ஊதாப் பேனை பிடிக்கலாம். பிழையாக எழுதிய இலக்கத்தை ஒரே கோட்டால் வெட்டி, பக்கத்தில் சுருக்கொப்பம் இட வேண்டும். வினாவின் உட்பகுதிக்குக் கிடைத்த புள்ளி முக்கோணத்துக்குள் வர வேண்டும். முழு வினாவுக்கான புள்ளி செவ்வகத்துக்குள். விடைத்தாளில் பெயர் கிடையாது, சுட்டெண் மட்டும்தான். எழுதியது கல்முனைக்குடிப் பிள்ளையா கண்டிப் பிள்ளையா, கொந்தராத்துக்காரர் மகளா கரவலை இழுப்பவர் மகளா என்று திருத்துகிறவருக்குத் தெரியாது.

கணிதத் தாளில் இந்த ஒழுங்கு சொன்னபடி வேலை செய்கிறது. சமன்பாட்டைச் சரியாக அமைத்ததற்கு இரண்டு, விடைக்கு ஒன்று. முக்கோணத்துக்குள் எதைப் போடுவது என்பதில் இரண்டு பரீட்சகருக்கு இடையே பெரிய சண்டை வராது. அதே சிவப்புப் பேனை தமிழ்மொழித் தாளின் கட்டுரைக்கு வரும்போது கொஞ்சம் தயங்குகிறது. பொருளுக்கு இவ்வளவு, மொழிநடைக்கு இவ்வளவு, ஒழுங்கமைப்புக்கு இவ்வளவு என்று புள்ளித்திட்டம் பிரித்துக் கொடுத்திருக்கும். ஆனாலும் மொழிநடை என்று ஒதுக்கிய இடத்தில் மூன்றைப் போடுவதா நான்கைப் போடுவதா என்பதை எந்தத் திட்டமும் எழுதி வைக்க முடியாது. போட்ட பிறகு அந்த இலக்கம் கணிதத்தின் இலக்கத்தைப் போலவே கறாராகத் தோன்றும். சாதாரண தரத்தில் 34 என்றால் டபிள்யூ, அதாவது சித்தியின்மை; 35 என்றால் எஸ், சாதாரண சித்தி. அந்த ஒரு புள்ளியில் ஒரு பிள்ளையின் உயர்தர வகுப்பு தங்கியிருக்கலாம்.

அந்த இலக்கம் பிள்ளையின் எழுத்துத் திறனைத்தான் சொல்கிறதா? இதற்கு விடை தேடி ஆராய்ச்சியாளர்கள் நூற்றுமுப்பது வருடத்துக்கு மேலாக அலைந்திருக்கிறார்கள். அவர்கள் கண்டதைப் பார்க்கும் முன்னர், இந்தக் கேள்வியை இந்த நாடு ஒருமுறை எப்படிக் கேட்டது என்று பார்த்துவிடலாம். ஏனென்றால் பிழையான ஆளைச் சந்தேகிப்பது எப்படி என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

1970இல் பல்கலைக்கழக அனுமதிக்கான பெறுபேறுகள் வந்தபோது, தமிழ்ப் பரீட்சகர்கள் தமிழில் எழுதிய மாணவருக்குப் புள்ளியை அள்ளிக் கொடுத்துவிட்டார்கள் என்றொரு குற்றச்சாட்டு கிளம்பியது. அதன் விளைவாக, 1970/71 அனுமதியில் மருத்துவ பீடத்துக்குச் சிங்கள மொழிமூலத்தில் 229 புள்ளி போதும், தமிழ் மொழிமூலத்தில் 250 வேண்டும் என்றானது. 1973இல் மொழிவாரித் தரப்படுத்தல், 1974இல் மாவட்டக் கோட்டா என்று அது வளர்ந்தது; பிறகு நடந்த அரசியலை எல்லாரும் அறிவார்கள். கல்முனையில் இதை நினைக்கும்போது ஒரு சங்கடம் தொண்டையில் நிற்கும். அப்போதைய கல்வி அமைச்சர் பதியுதீன் மஹ்மூத் ஒரு முஸ்லிம். தமிழ் மொழிமூலம் என்ற அந்தப் பெட்டிக்குள் கல்முனையின், சம்மாந்துறையின், அக்கரைப்பற்றின் முஸ்லிம் பிள்ளைகளும்தான் இருந்தார்கள். அந்த 250 அவர்களுக்கும் சேர்த்துத்தான் போடப்பட்டது. மறுபக்கம், பின்னால் வந்த மாவட்ட முறை அம்பாறையைப் பின்தங்கிய மாவட்டங்களில் ஒன்றாக வைத்ததால் இந்தக் கரையிலிருந்து பல்கலைக்கழகம் போனவர்களும் உண்டு. ஆகவே எங்கள் ஊர்த் திண்ணைகளில் தரப்படுத்தலைப் பற்றிய பேச்சு யாழ்ப்பாணத்துத் திண்ணைப் பேச்சைப் போல ஒரே சுரத்தில் இருக்காது.

அரசியலை விடுவோம். நாட்டின் சந்தேகம் எங்கே போய் விழுந்தது என்பதுதான் நமக்குத் தேவை. அது பரீட்சகரின் நேர்மையில் விழுந்தது. ஒரு தரப்புக்கு வேண்டுமென்றே கூடுதலாகப் போடுகிறாரா என்று கேட்டார்கள். ஒரே தாளை அவரிடமே இரண்டு முறை கொடுத்தால் ஒரே புள்ளி போடுவாரா என்று யாரும் கேட்கவில்லை.

கல்முனைச் சந்தையில் ஒரு தராசு எந்த மீனை வைத்தாலும் ஐம்பது கிராம் கூட்டிக் காட்டினால் அது கோட்டம். கண்டுபிடித்துவிட்டால் கழித்துவிடலாம். இன்னொரு தராசு அதே பாரை மீனை முதலில் வைத்தபோது ஒரு கிலோ என்றும், எடுத்து மறுபடி வைத்தபோது எண்ணூறு கிராம் என்றும் காட்டுகிறது. இது சிதறல். இதில் எதைக் கழிப்பது? 1970 முதல் இன்றுவரை நம்முடைய தரப்படுத்தல் வேலை எல்லாம் முதலாவது தராசைப் பற்றியது. 2001 முதல் நடைமுறையில் உள்ள இஸட் புள்ளியும் அப்படித்தான். பேராதனைப் பல்கலைக்கழகப் புள்ளிவிபரவியல் பேராசிரியர் ஆர்.ஓ. தட்டில் முன்வைத்த அந்த முறையில், மாணவரின் புள்ளியிலிருந்து அந்தப் பாடத்தின் சராசரியைக் கழித்து நியம விலகலால் பிரிப்பார்கள். பௌதிகவியல் தாள் கடினம், இன்னொரு பாடத் தாள் இலகு என்ற வேறுபாட்டை அது ஓரளவு சமப்படுத்தும். 2011 உயர்தரத்தில் பழைய பாடத்திட்டக்காரரையும் புதிய பாடத்திட்டக்காரரையும் ஒரே கூட்டமாகக் கலந்து கணித்தார்கள். 2012இல் உயர் நீதிமன்றம் அந்த இஸட் புள்ளிகளையே இரத்துச் செய்தது. சூத்திரம் அவ்வளவு பாரதூரமான காரியம். ஆனால் உள்ளே போகும் இலக்கம் சிதறலோடு போனால் வெளியே வரும் இஸட் புள்ளியும் அதே சிதறலோடுதான் வரும், நான்கு தசம தானங்களோடு.

பரீட்சகரின் சிதறலை முதலில் அளந்தவர்களில் ஒருவர் பிரான்சிஸ் எட்ஜ்வொர்த் என்ற பொருளியலாளர். 1888இலும் 1890இலும் எழுதிய கட்டுரைகளில், போட்டிப் பரீட்சைகளில் அதிர்ஷ்டத்துக்கு எவ்வளவு பங்கு என்று கணக்கிட்டார். ஒரு இலத்தீன் உரைநடைப் பயிற்சியை 28 தேர்ந்த பரீட்சகர்கள் திருத்தியபோது அது 45 முதல் 100 வரை வாங்கியது. 1912இல் அமெரிக்காவில் ஸ்டார்ச், எலியட் என்ற இருவர் இரண்டு ஆங்கில விடைத்தாள்களைப் பிரதி எடுத்துப் பாடசாலைகளுக்கு அனுப்பினார்கள். 142 ஆசிரியர்கள் திருத்தித் திருப்பி அனுப்பினார்கள். முதல் தாள் 64 முதல் 98 வரை வாங்கியிருந்தது. மற்றது 50 முதல் 98 வரை. ஆங்கிலம் என்றால் அப்படித்தான், கணிதத்தில் இது நடக்காது என்று சிலர் சொன்னார்கள். அடுத்த வருடம் அதே இருவர் ஒரு கேத்திரகணிதத் தாளை அனுப்பினார்கள். அது 30க்குக் கீழேயிருந்து 90க்கு மேலே வரை சிதறியது!

என்னை உண்மையில் கலங்கவைத்தது 1935இல் இங்கிலாந்தில் ஹார்ட்டொக்கும் ரோட்ஸும் வெளியிட்ட ஆய்வு. வரலாற்றுப் பாட விடைத்தாள் பதினைந்தை எடுத்துப் பரீட்சகர்களிடம் கொடுத்தார்கள். ஒரு வருடத்துக்கும் மேலாகக் காத்திருந்து, அதே தாள்களை அதே பரீட்சகர்கள் பதினான்கு பேரிடம் மறுபடி கொடுத்தார்கள். சித்தி, சித்தியின்மை, திறமைச் சித்தி என்ற மூன்று தீர்ப்பில் ஒன்றைச் சொல்ல வேண்டும். மொத்தம் 210 தீர்ப்புகளில் 92ஐ, முதலில் அதைச் சொன்ன அதே மனிதரே மாற்றிச் சொன்னார். இங்கே இனம் இல்லை, மொழி இல்லை, கைலஞ்சம் இல்லை. மனிதர் தன்னோடு தானே உடன்படவில்லை.

1961இல் டீடரிக்கும் அவரது தோழர்களும் இதை எல்லைவரை கொண்டுபோனார்கள். முதலாண்டு மாணவர் எழுதிய 300 கட்டுரைகளை 53 பேர் வாசித்தார்கள். ஆங்கில விரிவுரையாளர், சமூக விஞ்ஞானம் மற்றும் இயற்கை விஞ்ஞானம் கற்பிப்போர், எழுத்தாளரும் பத்திரிகையாசிரியரும், சட்டத்தரணிகள், வியாபார நிறுவன அதிகாரிகள். வேண்டுமென்றே புள்ளித்திட்டம் ஒன்றும் கொடுக்கவில்லை. ஒன்றிலிருந்து ஒன்பது வரை தரம் போடச் சொன்னார்கள். 300இல் 101 கட்டுரைகள் ஒன்று தொடக்கம் ஒன்பது வரை எல்லாத் தரமும் வாங்கின. ஐந்துக்குக் குறைந்த வெவ்வேறு தரங்களோடு ஒரு கட்டுரைகூடத் தப்பவில்லை. வாசகருக்கிடையே சராசரி இணைவு 0.31தான்.

ஆனால் டீடரிக் அத்தோடு கையை விரித்துவிடவில்லை. வாசகர் போட்ட தரங்களையும் எழுதிய குறிப்புகளையும் கிளறிப் பார்த்தபோது அவர்கள் ஐந்து கூட்டங்களாகப் பிரிவது தெரிந்தது. ஒரு கூட்டம் கருத்தின் தெளிவையே பார்க்கிறது. இன்னொன்றுக்கு எழுத்துப்பிழை, வாக்கியப்பிழைதான் கண்ணில் குத்துகிறது. ஒன்று ஒழுங்கமைப்பைப் பார்க்கிறது, ஒன்று சொல்லாட்சியை, மற்றது எழுதுகிறவரின் தனிச்சுவையை. பரீட்சகர் தன் மனம்போன போக்கில் போடுகிறார் என்று நாம் நினைப்பது அநியாயம். அவர் நேர்மையாகவே போடுகிறார். மற்றவர் அளப்பதை இவர் அளக்கவில்லை, அவ்வளவுதான். ஆசிரியர்கள் கூடும் அறையிலும் இதைப் பார்க்கலாம். சந்திப் பிழை ஒன்றைக் கண்டதும் பேனையைக் கீழே வைத்துப் பெருமூச்சு விடும் டீச்சரும், ‘பிழை கிடக்கட்டும், புள்ள நல்லா யோசிச்சிருக்கு’ என்று சொல்லும் சேரும் ஒரே மேசையில்தான் இருப்பார்கள்.

இந்தச் சிதறலுக்கு மருந்து உண்டு, பழைய மருந்துதான். நல்ல புள்ளித்திட்டம், திருத்தத் தொடங்கும் முன்னர் எல்லாரும் கூடி மாதிரித் தாள்களைத் திருத்திப் பேசிக்கொள்வது, பிரதம பரீட்சகரின் ஊதாப் பேனை. இவற்றால் உடன்பாடு நிச்சயமாக உயரும். வாசகர் எண்ணிக்கையைக் கூட்டினாலும் உயரும். 1910இல் ஸ்பியர்மன், பிரவுண் என்ற இருவர் தனித்தனியே கண்ட சூத்திரத்தின்படி, தனி வாசகரின் 0.31 ஐந்து வாசகர் சேர்ந்தால் 0.69 ஆகிவிடும். காசும் நேரமும் இருந்தால் பரீட்சகரால் வரும் பிழையை வேண்டிய அளவுக்குக் குறைக்கலாம்.

குறைத்த பிறகும் ஒரு பிழை அப்படியே நிற்கும். 1970இல் யாரும் சந்தேகப்படாத இன்னொன்று அது.

1966இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில் 646 மாணவர்கள் ஆளுக்கு ஐந்து தலைப்பில் எழுதினார்கள். ஒவ்வொன்றையும் ஐந்து பேர் வாசித்தார்கள். ஒரே கட்டுரைக்கு வாசகரைக் கூட்டுவதைவிட, ஒரே மாணவரை வெவ்வேறு தலைப்பில் எழுத வைப்பதுதான் புள்ளியின் நம்பகத்தை உயர்த்த அவசியம் என்பது அதில் துலங்கியது. பிறகு வந்த ஆய்வுகளும் பெரும்பாலும் இதையே சொல்கின்றன. ஒரு தலைப்பில் சிறப்பாக எழுதும் பிள்ளை அடுத்த தலைப்பில் நடுத்தரமாக எழுதும். இன்னொரு பிள்ளை மாறி எழுதும். ஐம்பது பரீட்சகர் ஏகமனதாக ஒரு கட்டுரைக்கு 14 போட்டாலும், அந்த 14 அந்தக் கட்டுரையைப் பற்றியதே தவிர அந்தப் பிள்ளையைப் பற்றியதல்ல.

கல்முனையில் இதை விளக்க ஆய்வுகூடம் தேவையில்லை. நிந்தவூரிலோ சம்மாந்துறையிலோ வயல் வட்டைக்குப் போகும் குடும்பத்துப் பெண்பிள்ளைக்கு அறுவடையைப் பற்றி எழுதச் சொல்லுங்கள். களவெட்டியில் நெல் குவிவதையும், வெட்டு மெஷின் வந்த பிறகு கூலிக்கு ஆள் தேடும் பேச்சு நின்றுபோனதையும், தண்ணி பாய்ச்சும் முறைக்காக வாப்பா இரவில் எழும்பிப் போவதையும் சேர்த்து எழுதும். அதே பிள்ளைக்கு ‘மலைநாட்டுக்கு ஒரு கல்விச் சுற்றுலா’ என்று கொடுத்தால் தேயிலைச் செடி பச்சைக் கம்பளம் விரித்ததோடு கதை முடியும். மருதமுனையில் தறிச் சத்தத்துக்குள் பிறந்த பிள்ளைக்குச் சிறுகைத்தொழில் பற்றி வந்தால் அதிர்ஷ்டம். விண்வெளி ஆராய்ச்சி வந்தால் கைட் புத்தகம். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு சில வருடங்கள், கடலைப் பற்றி எழுதச் சொல்வது இந்தக் கரையில் எல்லாப் பிள்ளைக்கும் ஒரே வினாவாக இருந்திருக்காது. தாளில் நாலைந்து தலைப்புக் கொடுத்து ஒன்றைத் தெரிவு செய்யச் சொல்வது இதற்குக் கொஞ்சம் பரிகாரம்தான். எனினும் தெரிவு செய்வதே ஒரு திறன். சரியான தலைப்பைப் பிடிக்கத் தெரியாத பிள்ளை எழுதத் தெரியாத பிள்ளையாக வெளியே வரும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கட்டுரைக்கு மட்டும் 100 புள்ளி என்று வையுங்கள். வகுப்பின் புள்ளிகளுக்கு நியம விலகல் 15. பரீட்சகராலும் தலைப்பாலும் வரும் சிதறலைச் சேர்த்து நம்பகம் 0.5 என்போம், ஒரு தலைப்பு, ஒரு வாசகர் என்ற நிலைக்கு இது கஞ்சத்தனமான மதிப்பல்ல. அப்படியானால் அளவீட்டு வழு 15ஐ 0.5இன் வர்க்கமூலத்தால் பெருக்கியது: பத்தரைக்குச் சற்று மேல். 68 வாங்கிய பிள்ளையின் மெய்யான புள்ளி 57க்கும் 79க்கும் இடையில் எங்கோ இருக்கலாம், அதுவும் மூன்றில் இரண்டு வாய்ப்போடுதான். சாதாரண தரத் தர எல்லைகளில் 57 என்பது சி, 68 என்பது பி, 79 என்பது ஏ. நல்ல காலத்துக்குத் தமிழ்மொழியும் இலக்கியமும் பாடத்தின் தரம் கட்டுரை ஒன்றில் மட்டும் தங்கியில்லை. பல்தேர்வு வினாக்களும் கிரகித்தலும் இலக்கிய வினாக்களும் சேர்ந்து அதை நிலைநிறுத்துகின்றன. பாடத்தில் கிடைக்கும் ஏயை நான் சந்தேகிக்கவில்லை. ‘இந்தப் பிள்ளைக்கு எழுத வரும், இந்தப் பிள்ளைக்கு வராது’ என்று ஒரு தவணைப் பரீட்சைக் கட்டுரையை வைத்துச் சொல்லும் ஆசிரியரைத்தான் சந்தேகிக்கிறேன்.

சிதறலைப் பற்றிப் பேசினோம். சிதறாமல் நிலையாக அளக்கப்படுவது எது என்பது அடுத்த சங்கடம்.

கடற்கரையில் ஒரு மாலைப்பொழுது என்ற தலைப்பில், கல்முனைப் பக்கத்துக் கொப்பி ஒன்றில் சூரியன் செம்பந்தாகக் கடலுக்குள் மறைவதை வாசித்தேன். வருணனை குறையில்லை, உவமை இருந்தது, அடைமொழி இருந்தது, சந்திப் பிழை இல்லை. ஆசிரியர் நல்ல புள்ளியும் போட்டிருந்தார். கல்முனை இலங்கையின் கிழக்குக் கரை. இங்கே சூரியன் கடலிலிருந்து எழும்பும். மறைவது மேற்கே, வட்டைப் பக்கம். அந்தப் பிள்ளை பிறந்ததிலிருந்து தினமும் பார்க்கும் கடலைப் பற்றி, மேற்குக் கரையில் இருந்தோ, கிழக்கு நோக்கிய சென்னை மெரினாவைப் பார்க்காத யாரோ எழுதியோ வந்த மாதிரிக் கட்டுரையைப் பாடமாக்கி எழுதியிருக்கிறது. பொருளுக்கு முக்கோணம் உண்டு, மொழிக்கு உண்டு. கண்ணால் கண்டதா என்பதற்கு முக்கோணம் இல்லை. உண்மையில் அங்கே நடப்பதை, கரவலை வளைத்த தோணி திரும்புவதை, வாடியில் மீன் பங்கு பிரிக்கும் தர்க்கத்தை எழுதியிருந்தால் புள்ளி கூடியிருக்குமா? கூடியிருக்கலாம். ஆனால் பரீட்சை மண்டபத்தில் எந்தப் பிள்ளை அந்தச் சூதாட்டத்துக்கு இறங்கும்? டியூசன் சேர் கொடுத்த சூரியன் பாதுகாப்பானது.

இது நம் ஊர் வியாதி மட்டுமல்ல. அமெரிக்காவில் பல்கலைக்கழக அனுமதிக்கான எஸ்.ஏ.டி. பரீட்சையில் 2005இல் 25 நிமிடக் கட்டுரை ஒன்றைச் சேர்த்தார்கள். எம்.ஐ.டி.யில் எழுத்துப் பயிற்சி நடத்திய லெஸ் பெரல்மன் வெளியிடப்பட்ட மாதிரிகளை எடுத்துப் பார்த்தார். நீளத்தைக் கொண்டே புள்ளியைப் பெரும்பாலும் ஊகித்துவிட முடிந்தது. தகவல் பிழைக்குப் புள்ளி குறைப்பதில்லை என்பது அங்கே விதியாக இருந்தது. ஆகவே வரலாற்றை எப்படிப் புரட்டினாலும் பரவாயில்லை, நிரப்பினால் போதும். 2016இல் அந்தக் கட்டுரையை விருப்பத்துக்கு விட்டார்கள், 2021இல் கைவிட்டே விட்டார்கள். இதே பெரல்மன் தன் மாணவரோடு சேர்ந்து, அர்த்தமில்லாத பெரிய சொற்களைக் கோத்துக் கட்டுரை செய்யும் ஒரு மென்பொருள் எழுதினார். திருத்தும் இயந்திரங்கள் அந்தக் கட்டுரைகளுக்கு உயர்ந்த புள்ளி வழங்கின. இயந்திரம் தன்னோடு தான் முரண்படாது, ஹார்ட்டொக்கின் பரீட்சகரைப் போல அடுத்த வருடம் மனம் மாறாது. ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரே பிழையைச் செய்யும் உறுதி அதற்கு உண்டு.

இன்னும் பின்னே போனால் சீனம். சொங் வம்சக் காலத்திலேயே விடைத்தாளில் பெயரை மூடி ஒட்டினார்கள். கையெழுத்தை வைத்து ஆளை அடையாளம் காணக்கூடாது என்று எழுத்தரை வைத்து முழுத் தாளையும் பிரதி எடுத்தே பரீட்சகரிடம் கொடுத்தார்கள். நமது சுட்டெண்ணின் மூத்தப்பா அது. அவ்வளவு நீதியாக நடந்த பரீட்சை, பிற்காலத்தில் எட்டுப் பகுதிகள் கொண்ட இறுகிய கட்டுரை வடிவம் ஒன்றுக்குள் போய் உறைந்தது. ஆயிரக்கணக்கானோர் ஆயுளின் பாதியை அந்த வடிவத்தைப் பழகுவதிலேயே செலவழித்தார்கள். 1905இல் அந்தப் பரீட்சை முறையே ஒழிக்கப்பட்டது. பரீட்சை எவ்வளவு நீதியாகிறதோ அவ்வளவு வடிவம் இறுகுவது தற்செயல் இல்லை. நீதி என்றால் ஒரே அளவுகோல். அளவுகோல் வெளியே தெரிந்துவிட்டால் எல்லாரும் அந்த அளவுக்கே துணி வெட்டுவார்கள்.

நேரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. எழுதுவது என்ற தொழிலில் பெரும்பகுதி திருத்தி எழுதுவது. கல்முனைக்குப் பக்கத்து ஊர் காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகளின் யாழ் நூல் பதினான்கு வருட ஆராய்ச்சியில் வளர்ந்து 1947இல் அரங்கேறியது. பத்தாம், பதினோராம் வகுப்புப் பிள்ளையிடம் பதினான்கு வருடம் கேட்கவில்லை. எழுதியதை ஒருமுறையாவது வாசித்து, இரண்டாவது பந்தியை முதலாவதாக்கிப் பார்க்க நேரம் வேண்டாமா? மண்டபத்தில் வெட்டிய வரி அழுக்காகத் தெரியும். அழகான கையெழுத்து அதே கட்டுரைக்குக் கூடப் புள்ளி வாங்கித் தரும் என்பது 1920கள் தொடக்கம் சோதித்து அறியப்பட்ட விஷயம். வெட்டித் திருத்தும் பிள்ளை கையெழுத்திலும் தோற்கும். நாம் அளப்பது, வராத நேரத்திலும் வரவழைத்து ஒரே மூச்சில் ஒப்பேற்றும் சாமர்த்தியம். அது பத்திரிகை நிருபருக்கு வேண்டிய குணம், கச்சேரியில் கடிதம் எழுதுகிறவருக்கும் வேண்டும். ஒன்றுக்கும் உதவாதது என்று சொல்ல மாட்டேன். எழுத்துத் திறன் என்ற பெரிய பெயரை அதற்குக் கொடுப்பதில்தான் எனக்குச் சம்மதமில்லை.

அப்படியானால் பரீட்சைக் கட்டுரையை எடுத்துவிடலாமே என்று கேட்கும் முன்னர் கல்முனையில் ஒரு உம்மாவிடம் பேசிப் பாருங்கள். பிள்ளை வருடம் முழுக்க எழுதியதைக் கோவையாக்கி, வகுப்பு ஆசிரியரே மதிப்பிடட்டும் என்று சொன்னால் அவர் கேட்கும் முதல் கேள்வி: ‘ஆர்ர புள்ளைக்குக் கூடப் போடுவாங்க?’ சின்ன ஊர். ஆசிரியர் மச்சானாக இருப்பார், பக்கத்து வளவாக இருப்பார், பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருப்பார். பாடசாலை மட்டக் கணிப்பீடு என்ற ஒன்று பெயரளவில் இருந்தும் அதன் புள்ளியை எவரும் பெரிதாக எடுக்காததற்கு இந்தச் சந்தேகமும் ஒரு காரணம். சுட்டெண்ணின் குருட்டுத்தனத்தில்தான் இந்தக் கரையின் ஏழைப் பிள்ளைக்குப் பாதுகாப்பு இருக்கிறது. கோவை முறைக்கு ஆய்வு ரீதியான சங்கடமும் உண்டு. 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் வெர்மொண்ட் மாநிலம் முழு மாநிலத்துக்கும் கோவை முறையைக் கொண்டுவந்தது. ராண்ட் என்ற ஆய்வு நிறுவனம் ஆராய்ந்தபோது, ஒரே கோவைக்கு இரண்டு ஆசிரியர் போட்ட புள்ளிக்கிடையே உடன்பாடு மிகக் குறைவாக இருந்தது. அதோடு வீட்டில் எழுதிய கட்டுரையில் எத்தனை பேரின் கை இருக்கிறது என்பது யாருக்குத் தெரியும்? இப்போது தொலைபேசியின் கையும் இருக்கிறது.

சுட்டெண்ணையும் விடாமல், ஒரு தலைப்பின் சூதாட்டத்திலும் மாட்டாமல் ஒரு வழி இருக்கிறது. மனிதருக்கு ஒரு கட்டுரையைப் பார்த்து இது 12ஆ 14ஆ என்று சொல்வது கஷ்டம். இரண்டைப் பக்கத்தில் வைத்து எது மேல் என்று சொல்வது இலகு. உளவியலாளர் தேர்ஸ்டன் 1927இலேயே இதற்குக் கணிதம் எழுதிவிட்டார். இப்போது இங்கிலாந்தில் பல பாடசாலைகள் பிள்ளைகளின் எழுத்தை இப்படி ஒப்பிட்டு மதிப்பிடுகின்றன. கல்முனை வலயத்தில் ஒரு தவணைப் பரீட்சையை வைத்துக் கணக்குப் பார்ப்போம். 200 கட்டுரை, பெயரை மூடி, தொலைபேசியால் படம் பிடித்தவை. ஒவ்வொன்றும் பத்து முறை வேறு வேறு கட்டுரையோடு மோதட்டும். மொத்தம் 1000 ஒப்பீடு. 20 ஆசிரியர் என்றால் ஆளுக்கு 50. ஒன்றுக்கு ஒரு நிமிடம் வைத்தாலும் ஆளுக்கு ஒரு மணித்தியாலம் செல்லாது. ஒவ்வொரு கட்டுரையும் பல பேரின் கண்ணில் படும். சந்திப் பிழை டீச்சரும் யோசனை சேரும் இருவரும் உள்ளே இருப்பார்கள். மிச்சப்பட்ட நேரத்தில் இன்னொரு தலைப்பு, முடிந்தால் மூன்றாவது. தலைப்புகள் கூடினால் வட்டைப் பிள்ளைக்கு ஒன்று, தறிப் பிள்ளைக்கு ஒன்று என்று விழுந்துவிடும்.

இதிலும் ஒரு குறை உண்டு. எங்கே புள்ளி குறைந்தது என்று கேட்டு ஒரு வாப்பா வந்தால் காட்டுவதற்குப் பிரிவுப் புள்ளி எதுவும் இருக்காது. 200இல் 83ஆவது என்று மட்டும் சொல்லலாம். அவருக்கு அது போதாது, போதவும் கூடாது. பிள்ளையின் கட்டுரையோடு, அதைத் தாண்டிப்போன இரண்டு கட்டுரைகளைப் பெயரில்லாமல் சேர்த்துப் பிள்ளையின் கையிலேயே கொடுத்துவிடலாம். விடைத்தாளை வழமையாகத் திருப்பிக் கொடுக்காத பொதுப் பரீட்சையில் அது நடவாது; தவணைப் பரீட்சையில் அதைத் தடுக்கும் சுற்றறிக்கை எதையும் நான் பார்த்ததில்லை.